குன்றில் ஏறிப் பார்த்தவள்

கழிவுப் பெட்டி எப்போதும் வெர்னாவின் படகில்தான் ஏறும். வடக்கே, பனியாறுகளுக்கு நடுவே ஓடும் அல்செக் ஆற்றில் படகுப் பயணம் போகிறவர்கள் கரையில் எதையும் புதைக்கக் கூடாது, விட்டுவிட்டும் வரக் கூடாது. ஒன்பது பேர் பத்து நாளில் கழிப்பதெல்லாம் ஓர் அலுமினியப் பெட்டிக்குள் அடைபட்டுக் கடல்முகம்வரை கூடவே வந்தாக வேண்டும். தினமும் காலையில் அதை இறுக மூடி, வார் போட்டுக் கட்டி, படகின் பின்பக்கம் ஏற்றுவது வழிகாட்டிகளில் கடைசி நிலையில் இருப்பவரின் வேலை. வெர்னாவுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்து மூன்று கோடைகளாக அந்த ஆற்றில் துடுப்புப் போடுகிறாள். முதல் பதினான்கு கோடைகளில் அந்தப் பெட்டியை அவள் தொட்டதுகூட இல்லை.

"கேப்டன், உங்க சரக்கு ரெடி," என்பான் ஓட்டிஸ், பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே.

ஓட்டிஸ் க்ளுக்வான் கிராமத்து டிலிங்கிட் பழங்குடி ஆள். முப்பது வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், இரண்டாவது படகை ஓட்டுகிறவன். வெர்னாவை அவன் கேப்டன் என்று கூப்பிடுவதில் பாதி கிண்டல். மீதிப் பாதி என்னவென்று அவளுக்குத் தெரியும். அதனால் கோபித்துக்கொள்ள மாட்டாள். உண்மையான தலைவனை அவன் முதலாளி என்று மட்டும் சொல்வான், வேறு எப்படியும் கூப்பிட மாட்டான்.

அந்த முதலாளிதான் ராய்ஸ். கம்பெனி அவனுடையது, ஆற்றில் இறங்கும் உரிமம் அவன் பெயரில், மூன்று படகுகளுக்கும் பயணத் தலைவன் அவன். ஏழு வருடத்துக்கு முன்புவரை வெர்னாவின் கணவன். ஐம்பத்தைந்து வயதில் வெள்ளைத் தாடியும் நிதானமான குரலுமாக, பார்த்ததும் யாருக்கும் நம்பிக்கை வரும்படி இருப்பான். அவர்கள் வசிக்கும் ஹெய்ன்ஸ் ஊரில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தால், "அந்த விபத்துக்கு அப்புறமும், கல்யாணம் முறிஞ்ச பிறகும், அவளுக்கு வேலை குடுத்து வெச்சிருக்கானே, பெரிய மனசு," என்பார்கள். தபால் அலுவலக வரிசையில் நிற்கும்போது வெர்னாவின் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள்.

விபத்து நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆறு கடலைச் சேர்வதற்கு ஒரு நாள் முன்னால் ஒரு பெரிய ஏரி வரும். பனியாறுகள் அதற்குள் நேராக இறங்கி உடைந்து விழும். வீடு அளவு, மாதா கோயில் அளவுப் பனிப்பாறைகள் மிதந்துகொண்டே இருக்கும். ஏரியின் வாயில் ஒரு குன்றும் அதற்கு இடப்பக்கம் ஒரு மணல் திட்டும் நின்று ஆற்றை மூன்றாகப் பிரிக்கின்றன. மூன்று வாசல்களில் எது திறந்திருக்கிறது, எதைப் பனிப்பாறைகள் அடைத்திருக்கின்றன என்பது நாளுக்கு நாள், சில சமயம் மணிக்கு மணி மாறும். குன்றின் மேல் ஏறிப் பார்க்காமல் எந்த வழிகாட்டியும் வாசலுக்குள் படகை விட மாட்டான். விட்டால் ஆறே இழுத்துக்கொண்டு போய்ப் பனியின் அடியில் செருகிவிடும்.

அன்று மழையும் மூடுபனியும். பயணிகள் கீழே தார்ப்பாயின் அடியில் மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராய்ஸும் வெர்னாவும் குன்றில் ஏறினார்கள். பாதி வழியில் ராய்ஸ் நின்றான். இந்த மூட்டத்தில் மேலே போனாலும் எதுவும் தெரியாது, மறுநாள் விமானத்தைப் பிடிக்க நேரம் போதாது, இடது வாசல் இந்த மாதம் முழுக்கத் திறந்துதான் கிடக்கிறது என்றான். மேலே போய்விடலாம் என்று வெர்னா ஒரு தடவை சொன்னாள். வேண்டாம் என்றான். இரண்டாவது தடவை அவள் சொல்லவில்லை. இருவரும் புதர் மறைவில் கொஞ்ச நேரம் நனைந்தபடி நின்றுவிட்டு இறங்கி வந்தார்கள். இடது வாசல் திறந்திருக்கிறது என்று பயணிகளிடம் ராய்ஸ் சொன்னான்.

முதலில் போனது வெர்னாவின் படகு. இடது வாசல் திறந்திருக்கவில்லை. படகு பனிப்பாறையோடு அழுந்தி ஒரு பக்கமாக எழும்பிக் கவிழ்ந்தது. நான்கு பேரில் மூன்று பேரை வெர்னா கயிற்றைப் பிடிக்க வைத்தாள். நான்காவது ஆள் லயனல் பெக், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவரைப் பிடித்து இழுக்கும்போது தண்ணீரில் விழுந்து பதினொரு நிமிடம் ஆகிவிட்டது. கரையில் ஒன்றரை மணி நேரம் அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள். போதும் என்று யாரோ அவளைத் தூக்கி நிறுத்தினார்கள்.

மறுநாள் விமானம் வருவதற்கு முன்னால் ராய்ஸ் அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனான். தலைவன் பார்க்காமலே படகை விட்டான் என்று வந்தால் உரிமம் போய்விடும், கம்பெனி போய்விடும், இரண்டு பேரும் சேர்ந்து மூழ்க வேண்டியதில்லை என்றான். "எனக்கு முழங்கால் வலி, பாதியில நின்னுட்டேன். நீ மேல போய்ப் பார்த்த. மூட்டத்துல கண்ணு தப்பாப் பார்த்துடுச்சு. அப்படிச் சொல்லு. தப்பாப் பார்த்தவங்களை மன்னிப்பாங்க, வெர்னா. பாக்காம விட்டவங்களை மன்னிக்க மாட்டாங்க."

அவன் அவள் புருஷன். கம்பெனியை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். அதோடு துடுப்பு அவள் கையில்தானே இருந்தது? விசாரணையில் அவள் அப்படியே சொன்னாள், கையெழுத்தும் போட்டாள். தலைவியாகப் படகு விடும் தகுதியை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு தலைவனின் கீழ் மட்டும் துடுப்புப் போடலாம். இரண்டு வருடம் கழித்து ராய்ஸ் ஜூனோ நகரத்தில் இருந்த ஒருத்தியோடு போய்விட்டான். வேறு எந்தக் கம்பெனியும் வெர்னாவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆறு இல்லாத கோடை எப்படி இருக்கும் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ராய்ஸிடமே வேலைக்குப் போனாள்.

இந்த ஜூன் பயணத்தில் ஆறு பயணிகள். சியாட்டிலிலிருந்து மூன்று தோழிகள், மினசோட்டாவிலிருந்து ஒரு பல் வைத்தியரும் மனைவியும், ஒஹாயோவிலிருந்து தனியாக வந்த ஜோஸ்லின் ஹார்ட். ஜோஸ்லினுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், பள்ளி நூலகத்தில் வேலை. முதல் நாள் காலையிலேயே தன் பையைத் தூக்கிக்கொண்டு வெர்னாவின் படகுக்கு வந்துவிட்டாள். மறுநாளும் அதே படகு. பெட்டியின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதால் மற்றவர்கள் யாரும் போட்டிக்கு வரவில்லை.

ஓயாமல் கேள்வி கேட்டாள். படகின் அடியில் சதா கேட்கிற ஸ்ஸ் என்ற சத்தம் என்ன என்றாள். பனியாறு மலையை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலந்து அனுப்புகிறது, அது ரப்பரை உரசுகிற சத்தம் என்றாள் வெர்னா. எந்த அலை கல்லின் மேல் எழுகிறது, எது வெறும் ஆழத்தில் எழுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றாள். வெர்னா கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தாள். மூன்றாம் நாள் அகலமான, சாதுவான இடம் பார்த்துத் துடுப்பை ஜோஸ்லின் கையிலேயே கொடுத்தாள். அரை மணியில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. வெர்னா அதற்குப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள்.

"உங்களுக்கு இந்தத் தண்ணி மேல பயம் வராதா?" என்று ஜோஸ்லின் கேட்டாள்.

"தினம் வரும். வராத அன்னிக்கு நான் கரையில உக்காந்துடணும்."

ஜோஸ்லின் அவளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றைப் பற்றி ராய்ஸிடம் கேட்காமல் தன்னிடம் ஒருத்தர் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்று வெர்னா நினைத்துக்கொண்டாள். சமையலின்போது அன்று அவள் ஏதோ முனகிப் பாடியதை ஓட்டிஸ் கவனித்துவிட்டான். கேப்டனுக்கு என்ன ஆச்சு, போதைக் காளான் ஏதாவது தின்றுவிட்டாளா என்று கேட்டான்.

ஆறாம் நாள் சாயங்காலம் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் தங்கினார்கள். பத்தரை மணிவரை சூரியன் இறங்காத காலம். சுற்றிலும் பனியாறுகள் மஞ்சளடித்துக் கிடந்தன. வெர்னா வார்ப்பிரும்புச் சட்டியில் சால்மன் மீன் சுட்டிருந்தாள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும் நேரம் ஜோஸ்லின் எழுந்து நின்றாள். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள், பிறகு அதைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டாள்.

"ஹார்ட்டுன்றது என் வீட்டுக்காரர் பேரு," என்றாள். "கல்யாணத்துக்கு முன்னால நான் ஜோஸ்லின் பெக்."

வெர்னாவின் கையில் கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பா போன பிறகு, வெர்னா, உங்க பேரைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியும். உங்களை நேர்ல பார்க்கணும்னுதான் வந்தேன். பார்த்து என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் வந்தேன். ஆறு நாளா உங்க கூடவே இருந்துட்டேன். நீங்க அஜாக்கிரதையான ஆள் இல்ல. மேல ஏறிப் பார்த்தீங்க, மூட்டத்துல கண்ணு ஏமாத்திடுச்சு. யாருக்கும் நடக்கலாம். நான் உங்களை மன்னிச்சிட்டேன். எங்க அப்பா இருந்தாலும் இதைத்தான் செய்வாரு."

வந்து வெர்னாவைக் கட்டிக்கொண்டாள். சியாட்டில் தோழிகளில் இரண்டு பேர் அழுதார்கள். பல் வைத்தியர் கைதட்டத் தொடங்கி, மனைவி முழங்கையால் இடித்ததும் நிறுத்திக்கொண்டார். ஜோஸ்லினின் தோளுக்கு மேலாக வெர்னாவுக்கு ராய்ஸ் தெரிந்தான். தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். அவனுக்கு ஆச்சரியமே இல்லை என்பதை அவள் அப்போது பார்த்தாள்.

பாத்திரம் கழுவும்போது அதைக் கேட்டாள். ஜோஸ்லின் ஏப்ரலிலேயே தனக்குக் கடிதம் எழுதிவிட்டாள் என்று ராய்ஸ் ஒப்புக்கொண்டான். முன்கூட்டியே சொன்னால் வெர்னா வரமாட்டாள் என்று தோன்றியதாம். எல்லோருக்கும் நல்லதுதானே, ஒரு பழைய காயம் ஆறிவிட்டதே என்றான். முகத்தில் உண்மையான நிம்மதி இருந்தது. அதுதான் வெர்னாவுக்குத் தாங்கவில்லை. அவளுக்குக் கிடைத்த மன்னிப்பில் அவனும் குளிர் காய்ந்துகொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஜோஸ்லின் வழக்கம்போல வெர்னாவின் படகுக்கு வந்தாள். ஆறு அகன்று விரிந்து ஓடிய இடம். மற்ற இரண்டு படகுகளும் வெகுதூரம் முன்னால் போய்விட்டன. வெர்னா துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கி மடியின் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

"நான் அந்தக் குன்றுல மேல ஏறவே இல்ல," என்றாள்.

ஜோஸ்லினுக்கு முதலில் புரியவில்லை. வெர்னா எல்லாவற்றையும் சொன்னாள். பாதி வழியில் நின்றதை, புதர் மறைவை, விமானத்துக்கு முன்னால் கரையில் ராய்ஸ் பேசியதை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஜோஸ்லினின் முகம் மெல்ல இறுகிக்கொண்டே வந்தது.

"அந்த வாக்குமூலத்துல இருக்கிற கையெழுத்து யாருது?"

"என்னுதுதான்."

"அப்போ அன்னிக்குப் பொய் சொன்னீங்க."

"ஆமா."

"இன்னிக்குச் சொல்றது பொய் இல்லைன்னு நான் எதை வெச்சு நம்புறது?"

துடுப்பு வெர்னாவின் மடியிலேயே கிடந்தது. படகு தானாக மெல்லச் சுழன்றது.

"நேத்து சாயங்காலம்தான் மன்னிச்சேன்," என்றாள் ஜோஸ்லின். "ஒரு நாள்கூட முழுசா ஆகல. அதுக்குள்ள பழியைத் தூக்கி இன்னொருத்தர் தலையில வெக்கிறீங்க. அதுவும் உங்களை விட்டுட்டுப் போன மனுஷன் தலையில. அவரு எனக்கு மூணு கடிதம் எழுதினாரு, வெர்னா. மூணுலயும் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா எழுதல. தெரியுமா?"

தெரியாது என்றாள் வெர்னா. ஆனால் கேட்டதும் நம்பினாள். ராய்ஸ் அப்படித்தான் எழுதுவான்.

மதியம் கரையில் ஜோஸ்லின் நேராக ராய்ஸிடம் போனாள். மற்றவர்கள் ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்; அவள் குரலைத் தாழ்த்தவும் இல்லை. ராய்ஸ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். கோபப்படவில்லை. வெர்னாவுக்கு அன்று பட்ட அதிர்ச்சி பெரிது, அந்த நாள் அவளுக்குள் குழம்பிக் கிடக்கிறது, அவளைக் குறை சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். சாப்பாட்டுக்குப் பிறகு ஜோஸ்லின் தன் பையை அவன் படகுக்கு மாற்றிக்கொண்டாள். சியாட்டில் தோழிகள் வெர்னாவைப் பார்க்கும்போது புன்னகை செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

வெர்னா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு ராய்ஸ் வந்து குந்தினான்.

"என்ன காரியம் பண்ணின நீ? அவ நிம்மதியா ஊருக்குப் போயிருப்பா."

"நீயும் நிம்மதியா இருந்திருப்ப."

"ஒன்பது வருஷமா உனக்கு யாரு வேலை குடுத்தா? வேற ஒருத்தன் குடுத்தானா?"

"பெட்டி தூக்குற வேலை."

"யாராவது தூக்கணும்ல," என்றான் ராய்ஸ். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. அவனுக்கு அது வெறும் உண்மை.

எட்டாம் நாள் காலையில் ஏரியின் வாய்க்கு வந்தார்கள். வானம் சுத்தமாக இருந்தது. குன்றின் அடியில் படகுகளைக் கட்டினார்கள். ராய்ஸின் முழங்கால் இப்போது நிஜமாகவே கெட்டுவிட்டது. வெர்னாவையும் ஓட்டிஸையும் மேலே அனுப்பினான். வெர்னா முன்னால் ஏறினாள். பாதி வழியில் அந்தப் புதர்கள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. அவற்றைத் தாண்டும்போது அவள் நிற்கவில்லை.

உச்சியில் வெகு நேரம் பார்த்தாள். இடது வாசல் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கத் திறந்தது போலத் தெரிந்தது, ஆனால் வளைவுக்கு அப்பால் பனிப்பாறைகள் தோளோடு தோள் இடித்து நின்றன. நடு வாசலில் ஒரு நீலப் பாறை மெல்லப் புரண்டுகொண்டிருந்தது. வலது வாசல் ஒடுக்கம், ஆழமும் குறைவு. ஆனாலும் குன்றை ஒட்டி ஓடும் தண்ணீர் தடையில்லாமல் வெளியே போகிறது. அவள் ஒரு மரக்கட்டை மிதந்து வருவதைப் பார்த்து, அது வலது வாசலில் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும்வரை காத்திருந்தாள். பிறகு இன்னொன்று வரும்வரை காத்திருந்தாள்.

கீழே வந்து, வலது வாசல், கல்லை உரசுகிற மாதிரி ஒட்டியே போக வேண்டும் என்றாள். எல்லோரும் உயிர்காப்பு ஜாக்கெட் மாட்டி நின்றிருந்தார்கள்.

"போன தடவையும் ஏறிப் பார்த்தேன்னுதான் சொன்னாங்க," என்றாள் ஜோஸ்லின். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "இவங்க சொல்ற வழியில நான் வரமாட்டேன்."

வெர்னா ராய்ஸைப் பார்த்தாள். அவன் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அன்று அவள் ஏறவில்லை, நான்தான் தடுத்தேன் என்று கூடச் சொல்ல வேண்டாம். இவள் கண்ணை நான் நம்புகிறேன் என்றால் போதும். ராய்ஸ் குனிந்து தன் பூட்ஸில் ஒட்டிய மண்ணைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து ஓட்டிஸிடம் திரும்பினான்.

"நீ என்ன பார்த்த?"

ஓட்டிஸ் சற்று நேரம் தாடையைச் சொறிந்தான். "நான் தனியா எதையும் பார்க்கல, முதலாளி. கேப்டன் எதைப் பாத்தாங்களோ அதைத்தான் நானும் பாத்தேன். வலதுதான்."

"சரி. வலது பக்கம் போகலாம்னு நான் முடிவு பண்றேன்," என்றான் ராய்ஸ் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஓட்டிஸும் பார்த்திருக்கான். நான் பொறுப்பு."

ஜோஸ்லினின் தோள்கள் தளர்ந்தன. பல் வைத்தியரின் மனைவி ராய்ஸின் கையைத் தொட்டு நன்றி சொன்னாள். வழி தெரிந்த படகு முதலில் போக வேண்டும், அது வெர்னாவுடையது. ஜோஸ்லின் மாறிய பிறகு அதில் ஏற வேண்டிய பல் வைத்தியரும் மனைவியும் ஓட்டிஸ் படகில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். இடம் போதாது என்று ஓட்டிஸ் சொன்னதற்கு, பரவாயில்லை, ஒடுங்கிக்கொள்கிறோம் என்றார் வைத்தியர். ஆக, வெர்னா கூடார மூட்டைகளையும் சமையல் பெட்டிகளையும் கழிவுப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, ஆள் இல்லாத படகில் முதலில் போனாள்.

நீரோட்டம் ஒரு முழங்கால் மடங்குவது போல வலப்பக்கம் மடங்கியது. அவள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முழுப் பலத்தோடு குன்றின் பக்கமாக இழுத்தாள். கல் துடுப்பின் நுனியில் உரசியது. இடப்பக்கம் ஒரு பனிப்பாறை, கழுவாத பழைய சுவர் போல, கை எட்டும் தூரத்தில் கடந்து போனது. அதன் குளிர் கன்னத்தில் அடித்தது. இருபது இழுப்பு, முப்பது இழுப்பு. பிறகு படகு அமைதியான தண்ணீரில் வழுக்கி வந்தது. அவள் திரும்பி நின்று துடுப்பை உயர்த்திச் சைகை காட்டினாள். ஓட்டிஸ் வந்தான், பின்னால் ராய்ஸ் வந்தான். அவன் படகிலிருந்து சிரிப்பும் கூச்சலும் கேட்டது. ஜோஸ்லின் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கடல்முகத்தில் இருக்கும் ட்ரை பே ஓடுதளத்தில் விமானம் ஏறும்போது ஜோஸ்லின் ராய்ஸைக் கட்டிப்பிடித்து விடைபெற்றாள். ஓட்டிஸோடு கை குலுக்கினாள். வெர்னா மணலில் மண்டியிட்டுப் படகிலிருந்து காற்றைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். ஜோஸ்லின் அவள் பக்கத்தில் வந்து ஒரு நொடி நின்றாள், பிறகு விமானத்தில் ஏறிவிட்டாள்.

கோடை முடிந்ததும் வெர்னா உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு நான்கு பக்கம் எழுதி அனுப்பினாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். தன்னைக் காப்பாற்றும்படி ஒரு வரியும் எழுதவில்லை. மேலே போகலாம் என்று ஒரு தடவை சொன்னதையும் இரண்டாவது தடவை சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே எழுதினாள். டிசம்பரில் பதில் வந்தது. ராய்ஸ் மறுத்திருக்கிறார், அன்றைய பயணிகளுக்கு இருவரும் மேலே போய்த் திரும்பி வந்தது மட்டுமே நினைவிருக்கிறது, வேறு சாட்சி இல்லை, எனவே பழைய முடிவு அப்படியே நிற்கிறது என்று முதல் பத்தி சொன்னது. விசாரணையில் பொய் வாக்குமூலம் கொடுத்ததாக வெர்னாவே ஒப்புக்கொண்டிருப்பதால் அவளுடைய வழிகாட்டி அனுமதி முழுவதுமாக ரத்து செய்யப்படுகிறது என்று இரண்டாம் பத்தி சொன்னது. மூன்றாவது பத்தி இல்லை.

செய்தி ஊரில் பரவ இரண்டு நாள் ஆனது. வேலை கொடுத்தவன் மேலேயே சேற்றை வாரி இறைத்திருக்கிறாளே, நன்றி கெட்டவள் என்றார்கள். ஓட்டிஸ் ஒரு நாள் வீட்டுக்கு வந்து காபி குடித்தான். தான் அந்தக் காலத்தில் கம்பெனியிலேயே இல்லை, இருந்திருந்தால் சாட்சி சொல்லியிருப்பேன் என்றான். வரும் கோடையும் முதலாளியிடம்தான் வேலைக்குப் போகிறேன் என்பதையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க, கேப்டன்." தெரியும் என்றாள் வெர்னா. இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள். அவள் மளிகைக் கடையில் சரக்கு அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள்.

மார்ச் மாதம் ஒரு மதியம் கடைக்கே அவளைத் தேடித் தொலைபேசி வந்தது. சரக்கறையில் நின்று எடுத்தாள். மறுமுனையில் ஜோஸ்லின்.

"நீங்க எழுதினதோட நகல் அலுவலகத்துல இருந்து எனக்கும் வந்துச்சு," என்றாள். "ரொம்ப நாளா படிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு தடவை சொன்னேன், ரெண்டாவது தடவை சொல்லலைன்னு எழுதியிருக்கீங்க. பொய் சொல்றவங்க அந்த வரியை எழுத மாட்டாங்க. நான் உங்களை நம்புறேன்."

வெர்னா அட்டைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தாள்.

"நம்புறதுனாலதான் கூப்பிட்டேன்," என்று ஜோஸ்லின் தொடர்ந்தாள். குரல் மாறவில்லை. "எங்கம்மா மூணு வருஷத்துக்கு முன்னாடி செத்துட்டா. கடைசி வரைக்கும் உங்களைச் சபிச்சுக்கிட்டே செத்தா. தப்பான ஆளைச் சபிச்சுக்கிட்டு செத்தா. நீங்க ஒரு கடிதாசு போட்டிருந்தா அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆறு வருஷம் நேரம் இருந்துச்சு உங்களுக்கு. உங்க புருஷன் கம்பெனியைக் காப்பாத்தினீங்க, எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு எங்களுக்குச் சொல்லல."

"ஆமா," என்றாள் வெர்னா.

"அன்னிக்கு ஆத்தங்கரையில மன்னிச்சேனே, அது நீங்க செய்யாததுக்கு. இது நீங்க செஞ்சது. இதை என்னால மன்னிக்க முடியல. முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன்."

"சரி."

"வேற எதுவும் சொல்ல மாட்டீங்களா?"

"நீங்க சொல்றது நியாயம். அதுல நான் சொல்ல என்ன இருக்கு?"

ராய்ஸுக்கும் எழுதிக் கேட்டதாக ஜோஸ்லின் சொன்னாள். என்ன பதில் வந்தது என்று வெர்னா கேட்டாள்.

"ரொம்ப அழகா எழுதியிருந்தாரு," என்றாள் ஜோஸ்லின். பிறகு தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.

வெர்னா மிச்ச நேர வேலையை முடித்தாள். பீன்ஸ் டப்பாக்களைத் தேதி பார்த்துப் பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்கினாள். ஐந்தரைக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பனி வாரிய தெருவில் எதிரே ராய்ஸின் வண்டி மெதுவாக வந்தது. அவளைப் பார்த்ததும் அவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை உயர்த்தினான். அந்த ஊரில் எதிர்ப்படுகிற எல்லோருக்கும் எல்லோரும் கை உயர்த்துவார்கள். அவள் கையும் பழக்கத்தில் இடுப்புவரை எழுந்துவிட்டது. அதைக் கீழே இறக்கி, கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தாள்.